கண்ணுக்குக் கீழே கறுப்பு: பூசுறதுக்கு முன்னாடி பாருங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னாடி பேசின அக்காங்க கடன் திருப்பம் பத்தியும் தையல் தொழில் பத்தியும் நல்லா சொன்னாங்க. என்னை ஏதாவது ஆரோக்கியம் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் எடுத்துக்கிட்ட தலைப்பு, கண்ணுக்குக் கீழே விழுற கறுப்பு. இதைக் கேட்டு ரெண்டு மூணு பேர் சிரிக்கிறது தெரியுது. சிரிங்க. ஆனா நம்ம குழுக் கூட்டத்துல சந்தா வாங்கி நோட்டுல எழுதி முடிச்சதும் என்ன பேச்சு வருது? "இன்னாடி, கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு, கீழ மை பூசின மாதிரி இருக்கு"ன்னு யாராவது ஒருத்தரை ஒருத்தர் கேக்காத கூட்டம் உண்டா? அந்தக் கேள்விக்குப் பதிலா ஒரு கிரீம் பேர் வரும். அதை நாலு பேர் எழுதிக்குவாங்க. அதனாலதான் இதைப் பேசணும்னு தோணிச்சு.

நான் பத்தாவது வரைக்கும் படிச்ச வீட்டுப் பொம்பளை. டாக்டர் இல்லை. எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாகிட்டயும் நர்ஸ் அக்காகிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும், படிச்சுப் பாத்ததையும் உங்களுக்குச் சொல்றேன்.

முதல்ல, இது யாருக்கெல்லாம் வருது? குஜராத்துல ஒரு மருத்துவக் கல்லூரியோட தோல் பிரிவுல, கண்ணைச் சுத்திக் கறுப்பு இருந்த 200 பேரை வரிசையா விசாரிச்சிருக்காங்க. 2014-ல் அது மருத்துவப் பத்திரிகையில வந்தது. அந்த 200 பேர்ல 100-க்கு 81 பேர் பெண்கள். வீட்டுவேலை மட்டும் பாக்கிற இல்லத்தரசிங்க 100-க்கு 45 பேருக்கு மேல. வெயில்ல நிக்கிறவங்க, ஆபீஸ் போறவங்க எல்லாரையும் விட நம்ம ஆளுங்கதான் அதிகம். 100-க்கு 63 பேருக்கு அப்பா அம்மா வழியில யாருக்காவது அதே கறுப்பு இருந்திருக்கு. 40 பேருக்குத் தூக்கம் பத்தலை. 32 பேருக்கு மேல கண்ணைத் தேய்க்கிற பழக்கம் உள்ளவங்க. 71 பேருக்கு மனக்கவலை. இந்தக் கணக்கை நான் நம்ம குழு நோட்டுல பின்பக்கம் எழுதி வச்சிருக்கேன். ஏன்னா இதுல ஒண்ணுகூட கிரீம் போடாததால வந்த காரணம் இல்லை.

உடம்புலேயே ரொம்ப மெல்லிசான தோல் கண் இமைத் தோல்தான். வெங்காயத்துல மேல் சருகை உரிச்சா உள்ள ஒரு மெல்லிய தோல் வருமே, அது மாதிரி நினைச்சுக்குங்க. அதனால அங்க எது நடந்தாலும் சட்டுனு வெளிய தெரியும். டாக்டரம்மா எனக்கு மூணு வகையாப் பிரிச்சுச் சொன்னாங்க.

ஒண்ணு, தோல்லயே நிறம் சேர்றது. இது காப்பி நிறத்துல இருக்கும். பரம்பரையா வரும், வெயிலால கூடும், தேய்க்கத் தேய்க்க ஏறும்.

ரெண்டாவது, தோலுக்கு அடியில ஓடுற ரத்தக் குழாய் தெரியறது. இது கொஞ்சம் நீலமா, ஊதாவா இருக்கும். தூக்கமில்லாத அன்னிக்குத் தூக்கலாத் தெரியும்.

மூணாவது, வெறும் நிழல். வயசாகும்போதும் உடம்பு இளைக்கும்போதும் கண்ணுக்குக் கீழ குழி விழும். அந்தக் குழியில நிழல் விழுந்து கறுப்பாத் தெரியும். கண் வீங்கினாலும் வீக்கத்துக்குக் கீழ நிழல் விழும்.

வீட்டுல நீங்களே ஓரளவு பாக்கலாம். கண்ணாடி முன்னாடி சன்னல் வெளிச்சத்துல நில்லுங்க. முகத்தை லேசா மேல தூக்குங்க. வெளிச்சம் நேரா விழும்போது கறுப்பு மறைஞ்சா அது நிழல். அப்புறம் தோலை விரலால மெதுவா ஒரு பக்கமா இழுங்க. நிறம் மாறாம அப்படியே இருந்தா தோல் நிறம். இன்னும் நீலமாத் தெரிஞ்சா ரத்தக் குழாய். நிறைய பேருக்கு மூணும் கலந்துதான் இருக்கும். ஒரு கிரீம் இந்த மூணையும் போக்கும்னு எவனாவது சொன்னா, குழியை எப்படி கிரீம் நிரப்பும்னு கேளுங்க.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கறுப்பைப் பாக்க விரலால இமையைத் தொடறீங்க இல்ல, அப்படியே கீழ் இமையைக் கொஞ்சம் கீழ இழுத்து உள்பக்கம் பாருங்க. நல்ல ரோஜா நிறமா, சிவப்பா இருக்கணும். வெளிறிப் போய் இருந்தா ரத்தம் குறைவுன்னு சந்தேகப்படணும். வெளிப்பக்கத்துக் கறுப்பை ஊரே பாக்குது. உள்பக்கத்து வெளுப்பை ஒருத்தரும் பாக்கிறதில்லை, நாமளும் பாக்கிறதில்லை. நான் இன்னிக்குப் பேசறது பூராவும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீங்க.

மத்திய அரசு எடுத்த குடும்ப நலக் கணக்குல, 2019-லேர்ந்து 21 வரைக்கும் எடுத்தது, இந்தியாவுல 15 வயசுலேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. நம்ம புதுச்சேரியிலயும் பாதிக்கு மேல. அப்படின்னா இந்த ஹால்ல ஒரு பெஞ்சுல நாலு பேர் உக்காந்திருந்தா ரெண்டு பேருக்கு இருக்கலாம். ரத்தம் குறைஞ்சா முகம் வெளிறும், அப்ப கண்ணுக்குக் கீழ உள்ள நிறம் இன்னும் எடுப்பாத் தெரியும். மூச்சு வாங்கும், படி ஏறினா நெஞ்சு படபடங்கும், தலை சுத்தும். "வேலை அதிகம், அதான்"னு சொல்லிட்டுப் போயிடுவோம்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்க அம்மாவுக்குக் கறுப்பு உண்டு, எங்க ஆயாவுக்கும் உண்டு. "உங்க பரம்பரைக்கே கண்ணுல கரி"ன்னு என் நாத்தனார் கிண்டல் பண்ணுவாங்க. குழந்தைங்க தடுப்பூசிக்குப் போனப்ப நர்ஸ் அக்கா என் இமையை இழுத்துப் பாத்துட்டு, கையோட ரத்தம் எடுத்தாங்க. ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது. மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, பூச்சி மாத்திரையும் கொடுத்தாங்க, மாதவிடாய் எத்தனை நாள் போகுது, எவ்வளவு போகுதுன்னும் கேட்டாங்க. நாலு மாசம் கழிச்சு 11.4. உண்மையைச் சொல்லணும்: என் கண் கறுப்பு முழுசாப் போகலை. பரம்பரையா வந்தது அப்படியேதான் இருக்கு, பாக்கிறீங்க இல்ல. ஆனா முகத்துல இருந்த வெளுப்பு போச்சு. ரெண்டு குடம் தண்ணி தூக்கிட்டு உக்காந்துக்கிட்டு இருந்தவ, இப்ப உக்காராம வேலை பாக்கிறேன்.

இரும்புச்சத்து மாத்திரை சுகாதார நிலையத்துல இலவசம். சாப்பிடறப்ப ரெண்டு விஷயம். டீ, காப்பியோட சேத்துப் போடாதீங்க, அது சத்தை உடம்புல சேர விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்கா, கொய்யா இது மாதிரி புளிப்புப் பழத்தோட சேர்ந்தா நல்லா சேரும். மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேணாம். வயித்தைப் புரட்டினா நிறுத்திடாம நர்ஸ்கிட்ட சொல்லுங்க, சாப்பிட்டப்புறம் போடச் சொல்லுவாங்க.

சாப்பாடுன்னா முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளு, மல்லாட்டை, வெல்லம், நெத்திலி, ஆட்டு ஈரல், சுவரொட்டி. இதெல்லாம் நமக்குத் தெரியாததா? செய்யறது நாமதான். தட்டுல போடறப்ப அவருக்கு ஒரு கரண்டி, மாமனாருக்கு ஒரு கரண்டி, பையனுக்கு ஒரு கரண்டி. கடைசியில சட்டியை வழிச்சு ரசஞ்சோறு சாப்பிடறது யாரு? ஈரல் வாங்கின அன்னிக்கு உங்க பங்கை முதல்லயே ஒரு கிண்ணத்துல எடுத்து வச்சிட்டு மத்தவங்களுக்குப் பரிமாறுங்க. இது சுயநலம் இல்லை. சேமிப்புல நம்ம பணத்தை முதல்ல கட்டுறோமே, அது மாதிரிதான்.

அடுத்தது தூக்கம். நம்ம புதுச்சேரிக்கு இதுல ஒரு சரித்திரமே இருக்கு. 1936 ஜூலை 30-ஆம் தேதி, பிரெஞ்சுக்காரன் ஆட்சியில, இதே ஊர்ல பஞ்சாலைத் தொழிலாளிங்க உரிமை கேட்டுப் போராடி, துப்பாக்கிச் சூட்டுல 12 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் எட்டு மணி நேர வேலைங்கிறது இங்க சட்டமாச்சு. மில்லுக்குச் சங்கு உண்டு. சங்கு ஊதினா வேலை முடிஞ்சுது. நம்ம அடுப்படிக்குச் சங்கு எங்க இருக்கு?

2019-ல் அரசாங்கம் ஒரு கணக்கு எடுத்தது, யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவு பண்றாங்கன்னு. கூலியில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம். ஆண்கள்ல வீட்டுவேலை பாக்கிறவங்களே 97 நிமிஷம். அஞ்சு மணி நேரம் நமக்கு, ஒன்றரை மணி நேரம் அவங்களுக்கு. இது போக நூறு நாள் வேலை, மாட்டுக்குப் புல்லு, தையல், குழு வேலை. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் பாத்திரம் கழுவி, மாவு எடுத்து வச்சுப் படுக்க பதினொண்ணரை. தண்ணி வர்ற நேரத்துக்கு நாலு மணிக்கு எழும்பணும். பெரியவங்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேணும்னு டாக்டருங்க சொல்றாங்க. நாலரை மணி நேரம் தூங்கினா கண்ணு கீழ நீலம் பூக்காம என்ன பூக்கும்?

நான் எங்க வீட்டுல என்ன செஞ்சேன்னு சொல்றேன். ராத்திரிப் பாத்திரம் என் வீட்டுக்காரரும் பெரிய பையனும் கழுவறாங்க. ஒரு நாள்ல ஒத்துக்கலை. மாமியார் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. என் ரத்தப் பரிசோதனைச் சீட்டை அவர் முன்னாடி வச்சு, "டாக்டரம்மா தூங்கச் சொல்றாங்க, நான் தூங்கினா இதை யார் செய்யறது, நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டேன். சண்டை போடலை. சீட்டு பேசிச்சு. முதல் வாரம் பாத்திரத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். இப்ப பத்து மணிக்குப் படுக்கிறேன்.

மூணாவது, தேய்க்கிறது. விறகுப் புகை, கொசுவத்திப் புகை, தூசி, அலர்ஜி இதுல கண் அரிக்கும். அரிச்சா புறங்கையால தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்கத் தோல் கறுக்கும். பச்சைத் தண்ணியில கண்ணைக் கழுவி, ஈரத்துணியை மடிச்சு மேல வையுங்க. அரிப்பு அடிக்கடி வந்தா கண் டாக்டர்கிட்டப் போங்க. தைக்கிற அக்காங்க ஊசி கோக்கக் கண்ணைச் சுருக்கினா கண்ணாடி தேவையான்னு பாத்துடுங்க. மையும் அப்படித்தான். ராத்திரி மையோட படுத்தா அது கீழ வழிஞ்சு தங்கும். ஒரு சொட்டு தேங்காயெண்ணெயைப் பஞ்சுல தொட்டு, அழுத்தாம துடைச்சிட்டுப் படுங்க. பொட்டலத்துல விக்கிற சுர்மாவுல ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைக் குழந்தைங்க கண்ணுக்கு வைக்கவே வைக்காதீங்க.

வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு கேக்கிறவங்களுக்கு: வையுங்க, குளிர்ச்சியா இருக்கும், காலை வீக்கம் கொஞ்சம் வடியும். குளுந்த தண்ணித் துணியும் அதேதான் செய்யும். நிறத்தை அது எடுக்காது. எலுமிச்சம்பழச் சாறு, பற்பசை ரெண்டையும் கண்ணுகிட்டக் கொண்டு போகாதீங்க. எரிச்சல் வந்து, புண்ணாகி, ஆறும்போது இன்னும் கறுப்பா ஆறும்.

இப்ப கிரீம் விஷயத்துக்கு வர்றேன். எங்க குழுவுல ஒரு அக்கா மகளுக்கு 19 வயசு. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு தெரிஞ்சவங்க ஒரு டியூப் கொடுத்தாங்க. யார், எந்தக் கடைன்னு இங்க வேணாம். பத்து நாள்ல முகம் பளிச்சுனு ஆச்சு. எல்லாரும் அதே டியூப் கேட்டாங்க. மூணாவது மாசம் கண்ணுக்குக் கீழ சிவப்பு நரம்பு தெரிஞ்சுது, கன்னத்துல பரு, பூனை முடி. போடாம விட்டா நெருப்பு மாதிரி எரிச்சல். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் முதல்ல கேட்டது டியூபைத்தான். பேரைப் படிச்சுட்டு ஸ்டீராய்டுன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணு இன்னும் வைத்தியத்துலதான் இருக்கு. வெயில்ல முகம் காட்ட முடியலைன்னு வேலைக்குப் போறதை நிறுத்திடுச்சு.

ஸ்டீராய்டு களிம்பு டாக்டர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள் மட்டும் போட்டா மருந்து. நிறத்துக்குன்னு மாசக்கணக்காப் போட்டா தோலை இன்னும் மெல்லிசாக்கும். ஏற்கெனவே மெல்லிசான இமையில போட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு பட்டியல்ல சேத்தது. டியூபைத் திருப்பிப் பாருங்க. சிவப்புக் கோடு போட்டிருந்தா டாக்டர் சொல்லாமப் போடக் கூடாத மருந்து. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் இந்தப் பேருங்க இருந்தா கீழ வையுங்க. ஏற்கெனவே ரொம்ப நாளாப் போடுறவங்க டியூபை எடுத்துக்கிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்க, அவங்க சொல்ற மாதிரி நிறுத்துங்க.

இன்னொண்ணு, பாதரசம். கேரளாவுல மலப்புறம் மாவட்டத்துல, 2021-லேர்ந்து 2023 வரைக்கும், சிறுநீர்ல புரதம் போற ஒரு சிறுநீரக நோயோட வந்தவங்களை டாக்டருங்க விசாரிச்சாங்க. ஒரே மாதிரி நோய் இருந்த 15 பேர்ல 13 பேர் முகம் வெளுக்கிற கிரீம் போட்டவங்க. போட்டது முகத்துல, போனது சிறுநீரகத்துக்கு. தயாரிச்சவர் முகவரி இல்லாத, உள்ள என்ன இருக்குன்னு எழுதாத, தேதி இல்லாத டப்பாவை எவ்வளவு தெரிஞ்சவங்க கொடுத்தாலும் வாங்காதீங்க.

"அப்ப கறுப்பை மறைக்கவே கூடாதா?" மறைக்கலாம், தாராளமா. தெருக்கூத்துக்காரர் அரிதாரம் பூசலையா? கல்யாணம் காட்சிக்கு நாம நல்லா இருக்கணும்னு நினைக்கிறதுல தப்பே இல்லை. ஆனா வெள்ளைப் பவுடரைக் கறுப்பு மேல அப்பினா சாம்பல் பூத்த மாதிரி ஆகும். நீலம் கலந்த கறுப்பை ஆரஞ்சு சாயல்தான் அடக்கும். முதல்ல ஆரஞ்சு சாயல் உள்ள கன்சீலரை மோதிர விரலால ஒத்தி ஒத்தி வையுங்க, தேய்க்காதீங்க. அதுக்கு மேல நம்ம நிறத்துக்கே உள்ளது, மாநிறத்துக்கு மாநிறம், கறுப்புக்குக் கறுப்பு. கடைசியில துளி பவுடர். வீட்டுக்கு வந்ததும் கழுவிடுங்க. வெயில்ல போறப்ப குடை புடிங்க. குடையைவிட மலிவான அழகுசாதனம் சண்டே மார்க்கெட்டுல தேடினாலும் கிடைக்காது.

சகோதரிகளே, முடிக்கிறதுக்கு முன்னாடி மூணு வேண்டுகோள் வைக்கிறேன். ஒண்ணு, அடுத்த மாசக் கூட்டம் நடக்கிற அன்னிக்கு ஒவ்வொரு குழுவும் சுகாதார நிலையத்து நர்ஸைக் கூப்பிட்டு எல்லாருக்கும் ஹீமோகுளோபின் பாருங்க. வரவு செலவு எழுதற நோட்டுல சேமிப்புக்குப் பக்கத்துல அந்த எண்ணையும் எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் எழுதுங்க. சேமிப்பு ஏறுதான்னு பாக்கிறோம், ரத்தமும் ஏறுதான்னு பாப்போம். ரெண்டு, குழுக் கூட்டத்துல வச்சு எந்தக் களிம்பும் விக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடுங்க. எங்க குழுவுல போட்டுட்டோம். மூணு, யாருக்காவது கண் கறுத்திருந்தா, "என்ன கிரீம் போடுற"ன்னு கேக்காம, "நேத்து எத்தனை மணிக்குப் படுத்த, என்ன சாப்பிட்ட"ன்னு கேளுங்க. சில பேருக்கு அந்தக் கேள்வியைக் கேக்க வீட்டுல ஆளே இல்லை. நாம கேப்போம்.

 சாப்பாட்டுக்கு நேரமாயிடுச்சு. இன்னிக்காவது முதல் பந்தியில உக்காருங்க.